‘சலக்கடுப்பு’ என்று மட்டும் சொன்னால் போதுமா?

ஆலங்குடாவிலும் அதைச் சூழவுள்ள கிராமங்களிலும் பெண்கள் தமது சலப்பை தொடர்பான எந்தத் துன்பத்தையும் ‘சலக்கடுப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டு விடுகிறார்கள். சலம் போகும்போது எரிந்தாலும் சலக்கடுப்பு. அரை மணிக்கொரு தடவை எழுந்து போக வேண்டியிருந்தாலும் சலக்கடுப்பு. இருமும்போது உடுப்பு நனைந்தாலும், அடிவயிறு கனத்து வலித்தாலும் அதே பெயர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகி விடுகிறது. பாமசியில் நாலு கப்சூல். அது முடிந்ததும், குறைந்தது போலத் தோன்றினால், மறந்து விடுவது. அடுத்த மாதம் மீண்டும் நாலு கப்சூல்.

இந்தச் சொல்லுக்குள் குறைந்தது ஏழெட்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சில மூன்று நாள் மருந்தில் மாறிவிடும். சிலவற்றுக்கு மருந்தே வேண்டியதில்லை. ஒன்றிரண்டு, நாட்கள் கடந்தால் உயிருக்கே ஆபத்தானவை. எது எது என்று பிரித்தறிவது எப்படி, அதற்கு வைத்தியர் என்ன செய்வார், நோயாளி என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் எமது பகுதியின் நிலைமை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்தில் வந்திறங்கினர். கற்பிட்டிக் குடாநாட்டில் அவர்கள் தங்கிய இடங்களில் ஆலங்குடாவும் ஒன்று. கிடுகுக் கொட்டில்களில் நெருக்கமாக வாழ்ந்த அந்தக் காலத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவாகவே மலசலகூடம் இருந்தது. கதவில்லாத, வெளிச்சமில்லாத இடத்துக்குப் பகலில் போகக் கூச்சம். இரவில் போகப் பயம். ஆகவே பெண்கள் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்துக் கொண்டார்கள். ஒன்று, அடக்கிக்கொள்வது. மற்றது, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தின் பின் பலருக்குக் கல்வீடும் தனி மலசலகூடமும் கிடைத்தன. ஆனால் பதினைந்து, இருபது வருடம் பழகிய உடல் அவ்வளவு இலகுவில் மாறுவதில்லை. அன்று தாய்மார் பழகியதை இன்று மகள்மாரும் செய்கிறார்கள்.

இது இடம்பெயர்ந்தவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் வெயிலில் நாள் முழுதும் குனிந்து நிற்கும் கூலிப் பெண்களுக்கு ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது? கரையில் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் இதே கதைதான். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்து மரத்தடியில் நாட்கணக்காகத் தங்கும் பெண்களும் மலசலகூட வரிசையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்துவிடுவதுண்டு.

தண்ணீர் குறைவாகக் குடிப்பதற்கும் சலத்தொற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது பாட்டி கதையல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று ஏற்பட்ட, நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கும் குறைவாகவே நீராகாரம் எடுத்துவந்த 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப்பேர் வழமைபோல இருந்தார்கள். மற்றப் பாதிப்பேர் மேலதிகமாக ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடித்தார்கள். ஒரு வருட முடிவில் முதற்பகுதியினருக்குச் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் தொற்று வந்திருந்தது. தண்ணீர் குடித்தவர்களுக்கு இரண்டு தடவைகூட இல்லை. காசில்லாத மருந்து என்றால் இதுதான். நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பது வேறு விடயம். எமது குடாநாட்டு மணல் நிலத்தில் பசளையின் நைத்திரேற்று கிணற்றில் இறங்குவது 1980களிலேயே அளந்து காட்டப்பட்டுவிட்டது. அதைப்பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பக்கங்கள் போதாது.

சலப்பை என்பது ஒரு தசைப்பை. சாதாரணமாக 300 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அதிலிருந்து வெளியே வரும் சலவழி ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளம். பெண்களுக்கு 4 சென்ரிமீற்றர் மட்டுமே. மலவாசலும் அருகிலேயே இருக்கிறது. எமது குடலில் சாதுவாக வாழும் ஈ-கோலை என்ற பற்றீரியா இந்தச் சிறிய தூரத்தைக் கடந்து சலப்பைக்குள் புகுந்துவிட்டால் தொற்று. பெண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது சுத்தமில்லாதவளுக்கு வருவது என்றோ, கணவனைச் சந்தேகிக்க வேண்டியது என்றோ எண்ணுவது தவறு. தாம்பத்திய உறவின்போது பற்றீரியா உள்ளே தள்ளப்படுவதால் சிலருக்குத் தொற்று வருவது உண்மை. ஆனால் அது அவளது சொந்தக் குடலின் பற்றீரியாதான். உறவின் பின் சலம் கழிப்பதும், மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும் தீங்கில்லாத நல்ல பழக்கங்கள்.

இனி நோயை அறியும் விதம். ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். நாற்பத்திரண்டு வயது, நாலு பிள்ளைகள், வெங்காயத் தோட்ட வேலை. இந்த வருடம் மட்டும் ஐந்து தடவை கப்சூல் வாங்கிக் குடித்துவிட்டார். ஒரு தடவையாவது சலம் சோதிக்கப்படவில்லை. கிராமத்து மருத்துவ மாதுவிடம் அவர், “மிஸ், எனக்கு எப்பவும் சலக்கடுப்பு” என்கிறார். மருத்துவ மாது கெட்டிக்காரி. மருந்தைப்பற்றிப் பேசாமல் கேட்கத் தொடங்குகிறார்.

“போகும்போது எரியிதா, இல்லாட்டி அடக்க ஏலாமல் இருக்கா?”

“எரியிறது இல்ல மிஸ். ஆனா தண்ணிச் சத்தம் கேட்டாலே ஓடணும். சிலவேளை போறதுக்குள்ள நனைஞ்சிடும்.”

“இருமினா, தண்ணிக் குடம் தூக்கினா?”

“அதுவும்தான். கடைசிப் புள்ளைக்குப் புறகு அப்படித்தான்.”

ஐந்து நிமிடப் பேச்சு. எந்த இயந்திரமும் இல்லை. ஆனால் இந்தத் தாய்க்கு இருப்பது பெரும்பாலும் தொற்று அல்ல என்பதும், ஐந்து தடவை குடித்த கப்சூலும் வீண் என்பதும் இப்போதே தெரிந்துவிட்டது. சலப்பை நோயை அறிவதில் மிகச் சிறந்த கருவி நோயாளியின் வாய்தான். 2002இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அமெரிக்க வைத்தியர்கள், ஒரு பெண்ணுக்குப் புதிதாகச் சல எரிவும் அடிக்கடி சலம் போதலும் இருந்து, யோனியில் வெள்ளை படுதலோ அரிப்போ இல்லாவிட்டால், அவருக்குச் சலத்தொற்று இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் என்று கண்டார்கள். மறுபக்கமாக, வெள்ளை படுதலும் அரிப்பும் இருந்தால், எரிவு சலப்பையிலிருந்து வராமல் வெளிப்புறப் புண்ணில் சலம் படுவதால் வரலாம். “உள்ளே எரியுதா, வெளியே தோலில் எரியுதா?” என்ற ஒரு கேள்வி பல கப்சூல்களை மிச்சப்படுத்தும். இதைச் சொல்லக் கூசினால் வைத்தியர் இருட்டில் கல் எறிய வேண்டியதுதான்.

எரிவுடன் கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவின் பின்புறத்தில் நோவு, வாந்தி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று கொள்ள வேண்டும். அப்போது பாமசிக்கோ வீட்டுக் கசாயத்துக்கோ நேரமில்லை. அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது சலப்பரிசோதனை. எமது ஆசுபத்திரிகளில் ‘யூ.எவ்.ஆர்.’ என்று துண்டில் எழுதித் தருவது இதைத்தான். இதில் அரைவாசிப் பிழை ஆய்வுகூடத்தில் நடப்பதல்ல. போத்தலில் பிடிக்கும்போது நடப்பது. ஜாம் போத்தல், மருந்துப் போத்தல் எதுவும் வேண்டாம். ஆய்வுகூடத்தில் தரும் சுத்தமான போத்தலையே கேட்டு வாங்குங்கள். முதலில் வெறுந்தண்ணீரால் கழுவிக்கொள்ள வேண்டும். முதலில் வரும் சலத்தை வெளியே விட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடித்து, கடைசியை மீண்டும் வெளியே விட வேண்டும். போத்தலின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. மாதவிடாய் நாளானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரத்தம் அறிக்கையில் சல இரத்தமாகப் பதிவாகிவிடும்.

நேரமும் முக்கியம். சலம் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். ஆலங்குடாவில் விடியற்காலை பிடித்த போத்தலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, வெயிலில் புத்தளம் போய், வரிசையில் நின்று கொடுத்தால், அதற்குள் நாலைந்து பற்றீரியா ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கும். ஆகவே போத்தலை வீட்டிலிருந்து கொண்டு போகாமல் ஆசுபத்திரியிலேயே பிடித்துக் கொடுப்பது மேல். மருந்து தொடங்குமுன் கொடுப்பதும் அவசியம். இரண்டு கப்சூல் போட்டபின் கொடுத்த சலத்தில் ஒன்றும் முளைக்காமல் போகலாம்.

யூ.எவ்.ஆர். அறிக்கையில் சீழ்க்கலங்கள், செங்குருதிக் கலங்கள், அல்புமின், சீனி ஆகியவை எழுதப்படும். சீழ்க்கலங்கள் கூடியிருந்தால் அழற்சி உண்டு என்று பொருள். ஆனால் அதன் காரணம் பற்றீரியாதான் என்று அது மட்டும் சொல்லாது. சில இடங்களில் நிறம் மாறும் பட்டியைச் சலத்தில் தோய்த்துப் பார்ப்பார்கள். அதில் நைத்திரைற்று என்ற கட்டம் நிறம் மாறினால் தொற்று இருப்பது ஏறத்தாழ உறுதி. கிணற்று நீரில் நைத்திரேற்று இருப்பதால் எங்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டம் மாறிவிடாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். மாறாது. குடித்த நைத்திரேற்று அப்படியே சலத்தில் வெளியேறும். அதை நைத்திரைற்றாக மாற்றுவதற்குப் பற்றீரியா வேண்டும்; அதற்குச் சலம் சலப்பையில் சில மணித்தியாலம் தங்கவும் வேண்டும். அதனால்தான் பத்து நிமிடத்துக்கொரு தடவை போகும் பெண்ணிடம் தொற்று இருந்தும் அந்தக் கட்டம் மாறாமல் இருப்பதுண்டு.

சந்தேகம் நீடித்தால், அல்லது தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சலத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பற்றீரியா, அதை எந்த மருந்து கொல்லும் என்று காட்டுவது இதுதான். முடிவு வர இரண்டு மூன்று நாள் செல்லும். 1950களில் எட்வேர்ட் காஸ் என்ற அமெரிக்க வைத்தியர், ஒரு மில்லிலீற்றரில் ஒரு இலட்சம் பற்றீரியா இருந்தால்தான் உண்மையான தொற்று என்ற அளவைக் கொண்டுவந்தார். பல ஆய்வுகூடங்கள் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டன. ஆனால் 1982இல் வால்ரர் ஸ்ராம் என்பவரும் அவரது குழுவினரும், எரிவுடன் வரும் பெண்களில் நூறு பற்றீரியா இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று காட்டினார்கள். ஆகவே ‘அறிக்கையில் ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் மனப்பிரமை’ என்று யாராவது சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதில்லை.

சரி, தொற்று இல்லை என்பது உறுதியாகிவிட்டது. துன்பமோ தொடர்கிறது. இந்த இடத்தில்தான் எமது பெண்கள் பெரும்பாலும் கைவிடப்படுகிறார்கள். மேலே சொன்ன தாயிடம் திரும்பி வருவோம். அவரிடம் ஒரு பழைய பயிற்சிக் கொப்பியும் பென்சிலும் கொடுத்து மூன்று நாளைக்குக் குறிப்பெழுதச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குச் சலம் போனார், அளவுக் கோப்பையில் பிடித்தால் எவ்வளவு, எப்போது நனைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். எழுதத் தெரியாதவருக்குப் பாடசாலைப் பிள்ளை எழுதிக் கொடுக்கும். இந்தக் கொப்பி சில சமயம் விலைகூடிய பரிசோதனையைவிட அதிகம் சொல்லும்.

ஒவ்வொரு தடவையும் சிறிதளவே போய், ஆனால் ஓடிப்போக வேண்டியிருந்தால், சலப்பைத் தசை நேரமறியாமல் சுருங்குகிறது. பிளேன்ரீயையும் கோப்பியையும் குறைத்து, போகும் இடைவெளியைக் கிழமைக்குக் கிழமை பத்து, பதினைந்து நிமிடமாகக் கூட்டிப் பழகுவதே முதற்சிகிச்சை. போதாவிட்டால் மருந்துகள் உண்டு. இருமும்போதும் குடம் தூக்கும்போதும் மட்டும் நனைந்தால், பிள்ளைப்பேற்றில் தளர்ந்த இடுப்படித் தசைதான் காரணம். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, சில விநாடி வைத்திருந்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் விடாமல். சமைத்துக்கொண்டும் செய்யலாம், பஸ்ஸில் இருந்துகொண்டும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. எமது தாய்க்கு இரண்டும் கலந்து இருக்கிறது. அப்படி இருப்பவர்கள் ஏராளம்.

கொப்பியில் ஒவ்வொரு தடவையும் நிறையச் சலம், இரவிலும் பல தடவை, தாகமும் அதிகம் என்றிருந்தால் சலப்பையை விட்டுவிட்டு இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும். தன் சீனி வருத்தத்தை முதன்முதலில் ‘சலக்கடுப்பு’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. கீழே ஏதோ இறங்குவதுபோல, உருண்டை தட்டுவதுபோல இருந்தால் கருப்பை இறக்கம். அது சலப்பையையும் இழுத்துக்கொண்டு இறங்குவதால் சலம் முழுதாகப் போகாமல் தேங்கும். தேங்கினால் தொற்று வரும். இதை உள்பரிசோதனையால்தான் அறிய முடியும். மாதவிடாய் நின்ற பெண்களில் யோனியின் தோல் மெலிந்து வரண்டு போவதாலும் எரிவும் தொற்றும் வரும். அதற்கு அந்த இடத்தில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பயன் தருகிறது. சலத்தில் சீழ்க்கலங்கள் நிறைய இருந்தும் வளர்ப்பில் ஒன்றும் முளைக்காவிட்டால் காசநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காசம் நெஞ்சுக்கு மட்டும் உரியதல்ல.

இன்னொரு நோய் உண்டு, பேசப்படாதது. சலப்பை நிறைய நிறைய வலி. சலம் போனதும் ஆறுதல். மீண்டும் நிறைய வலி. மாதக்கணக்காக இப்படி இருக்கும். சோதனையில் பற்றீரியா இல்லை, கல் இல்லை. சலப்பை வலி நோய் என்று இதைச் சொல்கிறார்கள். சிலரது சலப்பைச் சுவரில் புண் இருப்பதை அமெரிக்க வைத்தியர் கை ஹன்னர் நூறு வருடத்துக்கு முன்பே கண்டு எழுதியிருந்தார். அதன் பின்னும் நெடுங்காலம் இந்தப் பெண்கள் நரம்புத்தளர்ச்சிக்காரிகள் என்றே பெயர் வாங்கினார்கள். வேறு நோய்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே இதை உறுதிசெய்ய முடியும். முற்றாக மாற்ற முடியாவிட்டாலும் தணிக்க முடியும். நுண்ணுயிர்க்கொல்லியால் மட்டும் ஒரு பயனும் இல்லை.

கடைசியாக இரத்தம். தொற்றிலும் சலத்தில் இரத்தம் வரும். அப்போது எரிவும் இருக்கும். ஆனால் நோவும் எரிவும் இல்லாமல் சலம் சிவந்து போனால், ஒரே ஒரு தடவைதான் என்றாலும், சிறுநீரகம், சலப்பை இரண்டையும் ஸ்கான் செய்து, தேவையானால் மெல்லிய கமராக் குழாயால் சலப்பைக்குள் பார்க்க வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்களில் இது புற்றுநோயாக இருக்கலாம். இந்தப் புற்றுநோய் ஆண்களிலேயே கூட. ஆனால் பெண்களில் அது பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. காரணம், “பொம்பிளைக்குச் சலக்கடுப்புத்தானே” என்று முதல் இரண்டு மூன்று தடவை மருந்து கொடுத்து அனுப்பி விடுவார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணோ, இரத்தம் சலத்திலிருந்தா கருப்பையிலிருந்தா என்று அறியாமல் மறைத்து வைப்பார். இரண்டில் எதுவானாலும் மறைக்கக் கூடாதது.

கர்ப்பவதிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சலம் பார்க்கிறார்களே, அது போதாதா என்று கேட்கிறார்கள். அங்கே வழமையாகப் பார்ப்பது சீனியும் அல்புமினும், தொற்றை அல்ல. கர்ப்ப காலத்தில் எரிவோ காய்ச்சலோ இல்லாமலே சலத்தில் பற்றீரியா இருக்கலாம். சிகிச்சையின்றி விட்டால் அப்படியானவர்களில் நாலில் ஒருவருக்குச் சிறுநீரகத் தொற்றாக ஏறக்கூடும். பிள்ளை நாளுக்கு முன் பிறக்கவும் கூடும். ஆகவே சிறிய எரிவையும் மருத்துவ மாதுவிடம் சொல்லிவிட வேண்டும். வயோதிபப் பெண்களில் நிலைமை நேர்மாறானது. ஒரு குறையும் இல்லாத பாட்டியின் சலத்தில் பற்றீரியா இருப்பதாக அறிக்கை வந்தால், அதற்கு மருந்து கொடுக்கத் தேவையில்லை. கொடுத்தால், நாளை உண்மையான தொற்று வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம். அரைகுறையாகக் குடித்த நாலு கப்சூல்களின் விளைவும் அதுவே.

எங்கே போவது? அரசாங்க ஆசுபத்திரி வெளிநோயாளர் பிரிவில் பார்ப்பதற்குக் காசில்லை. 1996 முதல் சுகாதாரத் திணைக்களம் நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் உள்பரிசோதனையும் நடைபெறுவதால், கருப்பை இறக்கம், சலம் கசிதல் ஆகியவற்றை அங்கே தயங்காமல் சொல்லலாம். முப்பத்தைந்து வயதுப் பெண்களை மருத்துவ மாது அழைக்கும்போது வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

எமது மாவட்டத்தில் மொழியும் ஒரு தடை. வைத்தியர் சிங்களத்தில் கேட்பார். நோயாளிக்குத் தமிழ்தான் தெரியும். மொழிபெயர்க்க மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு போனால், தாய் எதைச் சொல்வாள்? மகன்தான் எதைக் கேட்பான்? “அம்மாவுக்குச் சலக்கடுப்பாம்” என்ற ஒரு வசனத்தோடு முடிந்துவிடும். சிங்களம் தெரிந்த ஒரு பெண்ணை, அயல்வீட்டு அக்காவையோ ராத்தாவையோ, அழைத்துப் போங்கள். போகுமுன் வீட்டிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள்: எப்போது தொடங்கியது, எரிவு உள்ளேயா வெளியேயா, காய்ச்சல் உண்டா, வெள்ளை படுகிறதா, இரத்தம் கண்டதா, எப்போது நனைகிறது, கடைசி மாதவிடாய் எப்போது, இதுவரை என்ன மருந்து எத்தனை நாள் குடித்தது. பழைய மருந்து மட்டைகளையும் சல அறிக்கைகளையும் எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூன்று நாள் எழுதிய கொப்பியையும் அதே பையில் வையுங்கள்.